ஆறாம் அறையின் சுவர்

ஆறாம் அறையின் சுவரில் மாட்டியிருந்த காட்டுமாட்டுத் தலைக்குச் சுவரின் அந்தப் பக்கத்தில் உடம்பு வந்து சேர்ந்தது, கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை சவரியம்மாவுக்கு அதைவிட அவசரமான வேலைகள் இரண்டு இருந்தன. மூன்றாம் அறையில் கட்டிலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குத் திருப்பிப் போட வேண்டும். ஐந்தாம் அறையில் நீலத் திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் பழைய சிவப்பையே மாட்ட வேண்டும். ஆகவே மொக்கச்சாமி பின்பக்கமாக வந்து, "தங்கச்சி, ஆறாம் நம்பருக்குப் பின்னாடி ஒரு மாடு பாதி நிக்குது" என்று சொன்னபோது அவள், "மீதி எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மீதி உள்ள இருக்கு. தெனமும் நீ தொடைக்கிறியே, அதுதான்."

சிவப்புத் திரைச்சீலையைத் தோளில் போட்டபடியே அவள் போய்ப் பார்த்தாள். ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசுவதுபோல, சுவருக்கு வெளியே ஒரு காட்டுமாடு நின்றது. கருத்த முதுகில் இரவுப் பனி முத்துமுத்தாக இருந்தது, நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிறம் மாறியிருந்தது, வால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தது, கழுத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாள் நுழையக்கூட இடமில்லை. அவள் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனாள். நீள்வட்டப் பலகையில் பொருத்தி ஏழு வருடமாக ஆடாமல் அசையாமல் இருந்த தலை, அவள் கட்டில்மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த துளசி மாலையின் வாசனையை மூக்கு விரித்து இழுத்துக்கொண்டிருந்தது. சவரியம்மா மாலையை எடுத்து நீட்டினாள். அது தின்றது. பிறகு அவள் ஐந்தாம் அறைக்குத் திரைச்சீலை மாட்டப் போனாள்.

வனமாளிகை என்று வாசல் வளைவில் எழுதியிருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அதைக் கட்டை பங்களா என்றுதான் சொன்னார்கள். திண்டுக்கல்லில் இரும்புக்கடை வைத்திருந்த தெய்வநாயகம், வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவள் அவரை ஒரு காட்டு விடுதிக்குக் கூட்டிப்போய் நான்கு நாள் தங்கவைத்தாள். முழுமுழு மரங்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள், சுவரில் மிருகத் தலைகள், கணப்பு அடுப்பு. அந்த நான்கு நாளும் அவர் வேறு எதையும் பார்க்காமல் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊர் திரும்பியதும் பழனி மலையின் கீழ்ச்சரிவில், காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் நிலம் வாங்கினார். மரம் வெட்ட அனுமதி கிடையாது. அதனால் கொத்தனார் மொக்கச்சாமி செங்கல் சுவரின்மேல் சிமெண்டை உருண்டை உருண்டையாகப் பூசி, பட்டைக்கு ஒரு பழைய சீப்பால் கீறி, கணுவுக்கு ஒரு மருந்துப் பாட்டிலின் அடியை வைத்து அழுத்தி, காவியும் கருப்பும் கலந்து அடித்து, ஆறு அறைகளையும் மரமாக்கினார். முதல் மழைக்காலத்தில் ஒரு மரங்கொத்தி வந்து இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் அறைக்கு மானும் நாலாம் அறைக்குக் கரடியும் ஆறாம் அறைக்குக் காட்டுமாடும், படப்பிடிப்புக்கு உருவங்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையிலிருந்து ஃபைபரில் வந்திறங்கின. "லாட்ஜுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க, பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்துரும்" என்பது திறப்பு விழா அன்று வேலைக்காரர்களுக்குத் தெய்வநாயகம் சொன்ன முதல் அறிவுரை.

இரண்டாவது அறிவுரைதான் ஏழு வருடமாக சவரியம்மாவின் வாழ்க்கையாக இருந்தது. கருத்து நோட்டு என்று ஒன்று வரவேற்பு மேசையில் இருக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. ஒரு இரவாவது தங்கியவர் அதில் அறையைப் பற்றி என்ன எழுதினாலும் அது செய்யப்படும். மற்ற இடங்களில் அப்படி எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது தெய்வநாயகத்துக்குத் தெரியும். தன் கடையிலேயே புகார்ப் பெட்டி ஒன்று வைத்துச் சாவியைத் தொலைத்தவர் அவர். ஆகவே இங்கே அவர் தினமும் காலை குளித்து, திருநீறு பூசி, நோட்டைத் திறந்து, புதிய கருத்துகளை ஒவ்வொன்றாகத் தன் குண்டு எழுத்தில் சீட்டுகளில் எழுதி, துணி அறையின் வாசலில் இருக்கும் ஆணியில் குத்திவிடுவார். சவரியம்மா சீட்டை எடுத்து, வேலையைச் செய்து, ஒரு குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு கருத்துகள் முட்டிக்கொண்டால் பிந்தியது செல்லும். கிழக்கே தலைவைத்துப் படுப்பவர்களும் மேற்கே வைத்துப் படுப்பவர்களும் மாறிமாறி வந்துகொண்டே இருந்ததால் மூன்றாம் அறைக் கட்டிலின் கால்கள் தரையில் ஒரு முழு வட்டம் தேய்த்திருந்தன. ஆறாம் அறையில் அருவி இல்லையே என்று தேனிலவுக்கு வந்த ஒரு தம்பதி எழுத, வத்தலக்குண்டிலிருந்து போர்டு எழுதுகிறவரை வரவழைத்து, காட்டுமாட்டுத் தலைக்கு நேரெதிர்ச் சுவரில் கூரையிலிருந்து தரைவரை நீல அருவி ஒன்று வரையப்பட்டது.

உடம்பு வருவதற்கு முதல் நாள் வந்த சீட்டைப் பற்றி சவரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. விருதுநகரிலிருந்து வந்து தங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'ஆறாம் அறைத் தலையில் உயிர் இல்லை. சற்று உயிர் இருந்தால் நன்றாக இருக்கும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். தெய்வநாயகம் வழக்கம்போல, 'அறை 6: தலைக்கு உயிர் கொடுக்கவும்' என்று சீட்டு எழுதிக் குத்திவிட்டார். சவரியம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கண்களை ஈரத்துணியால் துடைத்தாள், மூக்கில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினாள், காதுக்குள் விரல்விட்டுத் தூசி எடுத்தாள். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக, முடியாத வேலைக்கு முடிந்தது என்று குறி போட்டாள்.

மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வரும் மாதாகோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் அதைச் சொன்னாள். "செய்யாத வேலைக்கு டிக் போட்டுட்டேன் சாமி."

சாமியார் ஆறாம் அறையை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "பொய்யா போட்ட, சரி. ஆனா அது பொய்யாகலையேம்மா" என்றார். "இதுக்கு என்ன பரிகாரம் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதுக்குப் புல்லு வெக்கிறியா? சரி, வெச்சுக்கிட்டு இரு."

ஊர் அந்த மாட்டை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே தீனி கொடுப்பது சவரியம்மா வேலை என்றும் வெளியே சாணி அள்ளுவது மொக்கச்சாமி வேலை என்றும் தானாகவே பிரிந்துகொண்டது. அழுக்குத்துணிக் கூடையில் புல் போனது, குளியலறைக் குவளையில் தண்ணீர் போனது, காப்பித் தோட்டத்து ரோஜாக்களுக்கு உரம் போனது. வனக்காப்பாளர் இளம்பரிதி வந்து, முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், தலையை வாங்கிய ரசீதைக் கேட்டு வாங்கிப் படித்தார். தலை பட்டறையில் செய்தது, அதற்குத் துறை பொறுப்பாகாது. உடம்புக்கு ரசீது இல்லை, ஆகவே அது காட்டுடையது. தன் கணக்கெடுப்பு நோட்டில் அந்தச் சரகத்துக் காட்டுமாடுகள் நூற்றுப் பதினாலரை என்று எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசுவது யார் என்று ஒரு சிறிய தகராறு வந்தது. கொம்பு அறைக்குள் இருப்பதால் அது பங்களாக்காரர்கள் உரிமை என்றும், திமிலும் முதுகும் வெளியே இருப்பதால் மஞ்சளும் குங்குமமும் ஊர்க்காரர்கள் உரிமை என்றும் முடிவாகி, ஒரே நேரத்தில் சுவரின் இரண்டு பக்கமும் பொங்கலோ பொங்கல் என்று சத்தம் எழுந்தது. வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டிய சவரியம்மாவுக்கு, அதை விழுங்கும்போது வெளியே ஊரார், "எறங்குது, எறங்குது" என்று கழுத்தைத் தடவிச் சொல்வது சுவர் வழியே கேட்டது.

விருந்தினர்களும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். உடை மாற்றும்போது தலை பார்க்கிறது என்று ஒரு அம்மாள் எழுத, அதன் முகத்துக்கு முன்னால் சிறிய கம்பியும் ஒரு பூப்போட்ட திரையும் வந்தன. திரைக்குள் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அடுத்த வாரம் ஒரு வங்கி அதிகாரி எழுத, திரை வலைத்துணியானது. அறையில் குறட்டைவிடுவது தன் கணவரா தலையா என்று பிரித்தறிய முடியவில்லை, ஒரு விளக்கு வேண்டும் என்று ஒருத்தி எழுதினாள், விளக்கு வந்தது. தலையை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் யாரும் எழுதவில்லை, மாசி மாதத்தில் அபர்ணா வரும்வரை.

அபர்ணா கோயம்புத்தூரில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவள். தெய்வநாயகத்தின் மகள் வெளிநாட்டிலிருந்து அவளை ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தாள். முப்பது வயதிருக்கும், கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். இரண்டு நாள் தங்கி, ஒவ்வொரு அறையாகப் போய்ச் சிமெண்டு மரங்களை விரல் முட்டியால் தட்டித்தட்டிக் கேட்டாள்.

"இந்தப் பட்டையெல்லாம் கீறினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றார் மொக்கச்சாமி. "சீப்பால."

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா வேண்டாம்." அவள் நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னாள். "சிமெண்டு சிமெண்டா இருந்தா என்ன குறைச்சல்? எதுக்கு மரம் மாதிரி நடிக்கணும்? இந்த அறைகள்ல எல்லாமே வேற ஏதோ ஒண்ணா நடிச்சிட்டு இருக்கு."

மொக்கச்சாமி அன்று முழுக்க, அவள் தட்டிய இடங்களைத் தானும் தட்டிப் பார்த்தார். மாலையில் சவரியம்மாவிடம், "அந்தப் பொண்ணு சொல்றது தப்பில்ல" என்றார். "ஆனா மரங்கொத்தி நம்புச்சே."

ஆறாம் அறையில் அபர்ணா நெடுநேரம் இருந்தாள். கொம்பின் அகலத்தை நாடாவால் அளந்தாள். தலை அவள் பென்சிலை முகர்ந்தது. அவள் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தபடியே அளவுகளைக் குறித்துக்கொண்டாள். சவரியம்மா வாசலில் போர்வையோடு நின்றிருந்தாள்.

"மேடம், இத எடுத்துட்டா பின்னாடி இருக்கிறது என்னாகும்?"

அபர்ணா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் தோன்றாமல் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அக்கா, அது வெளிப்புறம். என்னை உள் அலங்காரத்துக்கு மட்டும்தான் கூப்பிட்டிருக்காங்க."

போகும்போது கருத்து நோட்டில் பதினோரு பக்கம் எழுதினாள். வெள்ளிக்கிழமை ஆட்களோடும் வெள்ளைச் சுண்ணாம்போடும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை தெய்வநாயகம் காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல் சீட்டுகள் எழுதினார். ஆணி நிறைந்து, பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க வேண்டியிருந்தது. அதில் மேலாக இருந்தது சவரியம்மாவுக்கு வந்தது: 'அறை 6: தலையை எடுத்துவிட்டுச் சுவரை வெள்ளையாக்கவும். வெள்ளிக்கிழமைக்குள்.'

அவள் சீட்டோடு மொக்கச்சாமியிடம் போனாள். அவர் பலகையின் விளிம்பைத் தடவி, தட்டி, காதை வைத்துக் கேட்டார். "நாலு போல்ட்டு போட்டுத்தான் மாட்டுனேன். அந்த போல்ட்டெல்லாம் இப்ப இல்ல தங்கச்சி. அந்த எடத்துல எலும்பு இருக்கு. எடுக்கணும்னா அறுக்கணும்." அறுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது தலை காதை மட்டும் ஆட்டியது. இரண்டு பேரும் அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் மேற்கொண்டு பேசினார்கள். அறுத்துவிட்டு அவள் அதற்கும் ஒரு குறி போட வேண்டும். உயிர் கொடுத்ததாகப் போட்ட அதே கையால்.

தெய்வநாயகம் மேசையில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, தலைய எடுத்தா ஒடம்பு?"

"நோட்டுல தலைதான எழுதியிருக்கு."

"ஒடம்பு உசுரோட நிக்குதுங்களே."

அவர் பேனாவை வைத்தார். அவருக்கும் அன்று மாட்டைப் பார்க்கப் போகப் பிடிக்கவில்லை. வழக்கமாகக் காலையில் கொண்டுபோகும் வாழைப்பழத்தைச் சவரியம்மாவிடம் கொடுத்தனுப்பினார். "ஏழு வருசமா இதுல எழுதினதச் செய்யாம விட்டதில்ல சவரி. ஒண்ண விட்டா, அப்புறம் இதுவும் என் கடைப் பெட்டி மாதிரிதான். எனக்கு மட்டும் இஷ்டமாவா இருக்கு?"

"அப்ப நானும் ஒண்ணு எழுதட்டுமா?"

"நீ எப்படி எழுதுவ? தங்குனவங்கதான் எழுதலாம்."

"அப்ப தங்குறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, தானே எழுதிய விதிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். அங்கே வேலை செய்கிறவர்கள் தங்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒன்று நேரும் என்று எழுதியபோது அவர் நினைத்திருக்கவில்லை.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். லூர்து மாதா திருவிழாவுக்கு எடுத்த மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, மகளின் பள்ளிக்கூடப் பையில் ஒரு மாற்றுத்துணியும் சீப்பும் வைத்துக்கொண்டு, தினமும் நுழையும் பின்வழியில் வராமல், ரோட்டைச் சுற்றிக்கொண்டு வளைவுக்குள் வந்தாள். ஏழு வருடத்தில் அந்த வளைவை உள்ளிருந்துதான் பார்த்திருக்கிறாள். மொக்கச்சாமி ஓடிவந்து பையை வாங்கி, தட்டில் எலுமிச்சைச் சாற்றை நீட்டினார்.

"வாங்க மேடம். பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"அண்ணே, சும்மா இருங்க."

"கெஸ்டுகிட்ட இப்படித்தான் பேசணும்னு சொல்லிக்குடுத்ததே நீதான. ரூமு மேலேர்ந்து ஆறாவது. அங்க ஒருத்தர் முன்னாடியே தங்கியிருக்கார், பரவாயில்லியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறையில் என்ன செய்வது என்று முதலில் தெரியவில்லை. நாற்காலியைத் துடைத்தாள். துடைத்தபிறகு அதில் உட்கார்ந்தாள். பிறகு, யாரோ அனுமதி கொடுப்பதற்காகக் காத்திருப்பதுபோலக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தானே அன்று காலை விரிக்கச் சொல்லிவைத்திருந்த விரிப்பின்மேல் மெல்லப் படுத்தாள். படுத்துப் பார்க்கும்போது அது வேறு அறையாக இருந்தது. மின்விசிறிக்கு மேலே, நின்று துடைக்கிறவள் கண்ணுக்கு ஒருநாளும் படாத ஒட்டடை ஒன்று ஏழு வருடத்து வலையோடு தொங்கியது. கதவுக்கு மேலே சிமெண்டு மரத்தில் மொக்கச்சாமி ஒரு சின்னக் கிளிப்பொந்து செய்துவைத்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தலை அவளைப் பார்க்கவில்லை. அது நேரெதிரே இருந்த அருவியைப் பார்த்தது. அவ்வப்போது நாக்கை நீட்டியது. சாம்பல் நிறத்தில், மரத்தோல்போல் சொரசொரப்பான நீள நாக்கு. அது காற்றில் கொஞ்சம் நீண்டு, எட்டாமல், உள்ளே போனது. குவளைத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அதைக் குடித்துவிட்டு மறுபடி அருவியைப் பார்த்தது.

இன்னொன்றையும் படுத்திருந்ததால்தான் பார்த்தாள். அதன் காதுகள் இரண்டும் முன்னால் இல்லை. பின்னால் சுவரை நோக்கித் திரும்பியிருந்தன. மூன்று மாதமாக அந்தக் காதுகளைத் துடைத்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை; பட்டறைக்காரன் அச்சு அப்படி என்று நினைத்திருந்தாள். எழுந்து வெளியே போனாள். உடம்பு நின்ற இடத்திலிருந்து பத்தடியில் காடு தொடங்கியது. வெயில் சாயச்சாய உள்ளேயிருந்து ஈரமும் இலையும் கலந்த ஒரு வாசனை வந்தது, எங்கேயோ ஓடை ஓடியது, தூரத்தில் வேறு மாடுகள் சருகை மிதித்துப் போயின. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த முதுகுத்தோல் குளத்தில் கல் விழுந்ததுபோல் சிலிர்த்து அடங்கியது. பின்னங்கால்கள் இரண்டும் உழுது உழுது, மண் முழங்கால் ஆழத்துக்குக் குழியாகியிருந்தது. சாணி அள்ளும் மொக்கச்சாமி அதை மூடிமூடி வந்திருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் குளித்து, தலைசீவி, வரவேற்பு மேசைக்குப் போனாள். ஏழு வருடமாகக் குறிகள் மட்டுமே போட்ட கைக்கு எழுத்துக் கூட்ட நேரமானது. தெய்வநாயகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதி முடித்துப் பேனாவை நூலோடு தொங்கவிட்டாள்.

'ஆறாம் அறையில் தலை இருக்கட்டும். சுவரை எடுக்கவும். இப்படிக்கு, தங்கியவள், சவரியம்மாள்.'

அவர் அதை மூன்றுதரம் படித்தார். பதினோரு பக்கத்தையும் புரட்டி, அது முடிந்த இடத்துக்குக் கீழேதான் இது இருக்கிறதா என்று பார்த்தார். கீழேதான் இருந்தது.

"சுவர எடுத்துட்டா அது அறையா சவரி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க மொதலாளி. தங்குனேன். தோணினத எழுதினேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று தெய்வநாயகம் சீட்டுக் கட்டை இழுத்தார். குண்டு எழுத்தில் எழுதினார்: 'அறை 6: சுவரை எடுக்கவும்.' எழுதிவிட்டு, பழைய சீட்டை ஆணியிலிருந்து உருவி, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னிக்கே முடிக்கணும். நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து வேற எழுதிட்டா, அப்புறம் அதுதான் செல்லும்."

மொக்கச்சாமி உத்தரத்துக்கு நான்கு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். தான் சீப்பால் கீறிய பட்டைகளைத் தானே உளி வைத்துப் பெயர்த்தார். ஒவ்வொரு கணுவையும் உடைக்காமல் எடுக்கப் பார்த்து, முடியாமல் உடைத்தார். பிறகு செங்கல். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக, அம்மை போட்ட பிள்ளையின் உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றுவதுபோல. பொங்கலுக்கு வந்த ஊர் முழுக்க வந்து, உள்ளே பாதி வெளியே பாதியாக நின்றது; கல் குறையக் குறைய இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, கடைசியில் ஒரே கூட்டமாயிற்று. வனக்காப்பாளர் இளம்பரிதி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். சவரியம்மா தலையின் பக்கத்தில் நின்று, கண்ணில் தூசி விழாமல் தன் மஞ்சள் முந்தானையால் மறைத்திருந்தாள்.

நாலு மணிக்குக் கழுத்தைச் சுற்றியிருந்த கடைசிக் கல் வந்தது. நீள்வட்டப் பலகை மட்டும் வரவில்லை. அது கழுத்தோடு ஒட்டி, திருவிழாவில் மாட்டும் பட்டைபோல் இருந்தது. சுவர் இல்லை. மாடு அப்படியே நின்றது. யாரும் விரட்டவில்லை. நின்று பழகிய கால்களுக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகும் என்று மொக்கச்சாமி சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து அது தலையைத் திருப்பியது. வலப்பக்கமாக, மெதுவாக, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவனைப் போல. அங்கே தன் உடம்பைக் கண்டது. தோளை முகர்ந்தது. விலாவை முகர்ந்தது. வயிற்றை ஒருமுறை நக்கியது. அந்த நாக்கு பட்டதும் தோல் சிலிர்த்தது. சிலிர்த்ததைத் தலையும் கண்கொட்டாமல் பார்த்தது. கூட்டத்தில் யாரோ, "வளந்துட்டோம்னு பாக்குது" என்றார்கள்.

எல்லாரும் காட்டுப் பக்கம் வழி விட்டிருந்தார்கள். ஆனால் அது முன்னால் நடந்தது. குழியிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, செங்கல் குவியலைத் தாண்டி, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே புகுந்து, விரிப்பைக் கொம்பால் இழுத்துக்கொண்டு, எதிர்ச் சுவருக்குப் போய் அருவியை நக்கியது. நக்கியது, நிறுத்தியது, மறுபடி நக்கியது. நீல வண்ணம் நாக்கில் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் பூச்சு தெரிந்தது. அந்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, அது தன் அகலமான உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நாற்காலியை மட்டும் உடைத்து, வந்த வழியே வெளியேறி, பலகையைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு காட்டுக்குள் போயிற்று. இளம்பரிதி நோட்டில் அரையை அடித்து ஒன்றாக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அபர்ணா ஆட்களோடு வந்தாள். ஆறாம் அறை வாசலில் நின்றாள். மூன்று சுவர் இருந்தது. நாலாவதாகக் காடு நின்றது. அவள் உள்ளே போய்க் கட்டில்மேல் உட்கார்ந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் நெடுநேரம் இருந்தாள்.

"இதை யாரு எடுக்கச் சொன்னது?"

"ஒரு கெஸ்டு" என்றார் தெய்வநாயகம்.

"அவங்க இருக்காங்களா, போயிட்டாங்களா?"

"இருக்காங்க. அடுத்த ரூம்ல துணி மாத்துறாங்க."

அபர்ணா எழுந்து எதிர்ச் சுவருக்குப் போனாள். நீல அருவியின் நடுவே நாக்கின் அகலத்துக்கு வெள்ளை வழிந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதுவும் அவங்கதானா?"

தெய்வநாயகம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கியவர்கள் எழுதுவது செய்யப்படும் என்றுதான் விதி. பேனாவால்தான் எழுத வேண்டும் என்று இல்லை. தலை ஏழு வருடம் தங்கியிருக்கிறது, உடம்பு மூன்று மாதம். இதுவரை அதனிடம் யாரும் கேட்டதில்லை. அவர் மேசைக்குப் போய் ஒரு சீட்டு எழுதி, இரண்டு ஆணிகளில் இடம் இருந்ததில் குத்தினார்.

'அறை 6: அருவிக்குப் பதில் தண்ணீர்.'

சவரியம்மா சீட்டை எடுத்துப் படித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குறி போடவில்லை. பெரிய வாளியை நிறைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் போய், சுவர் இருந்த கோட்டில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வைத்தாள். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது தண்ணீர் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தாள். ஒரு இலை மட்டும் விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றினாள். செவ்வாய்க்கிழமை விடிந்து அவள் வந்தபோது வாளி காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. ஈர மண்ணில் நான்கு குளம்புகளின் தடமும், பக்கத்தில் மரப்பலகை உரசிய ஒரு கோடும் இருந்தன.

அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள். இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, தொடைமேல் வைத்துக் குறி போட்டாள்.